மூன்றாவது தண்டவாளம்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் சென்றிருக்கிறீர்களா? 2010இல் அப்பாதை அகலப் பாதையாயிற்று. தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 ஆனது. பழைய மீட்டர் கேஜ் பெட்டிகள் அதில் ஓட மாட்டா. உட்புறம் மூன்றாவது தண்டவாளம் ஒன்று போட்டால் ஓடும்.

விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல் லினக்ஸில் ஓடாததும் இவ்வாறுதான். இரண்டுக்கும் செயலி ஒன்றே. ஆனால் ‘கோப்பைத் திற’, ‘சாளரம் வரை’ என்று இயங்குதளத்திடம் கேட்கும் முறை வேறு. 1993இல் பாப் ஆம்ஸ்டாட்டும் எரிக் யங்டேலும் தொடங்கிய ‘வைன்’ (மது என்று எண்ண வேண்டாம்!) இவ்வேண்டுகோள்களை லினக்ஸ் அறிந்தவையாக மாற்றித் தருகிறது. கணக்குகளைச் செயலியே நேரடியாகச் செய்வதால் வேகம் பெரிதும் குறைவதில்லை.

1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் பொறுப்பேற்றார். ஆயினும் 1.0 பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது. ஏன் 15 ஆண்டுகள்? விண்டோஸின் மூலநிரல் பூட்டிய பெட்டி. எந்த வேண்டுகோளுக்கு என்ன விடை வருகிறது என்று வெளியிலிருந்தே சோதித்து அறிய வேண்டியிருந்தது. இயற்பியல் மாணவருக்கு இது பழகிய வேலைதானே!

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அத்தகைய பழைய கணினி வீட்டில் இருந்தால், வைனை நிறுவிப் பாருங்கள். தனி டிரைவர் கேட்கும் நிரல்கள் முரண்டு பிடிக்கும்.