பரேலில் ஆரம்பித்த ஒரு மாத்திரையின் கதை

இப்போதெல்லாம் பெரிய கடைகளில் 'நியூட்ரிஷனல் ஈஸ்ட்' என்று மஞ்சள் நிறத்தில், தவிடு மாதிரி ஒரு பொருள் டப்பாவில் விற்கிறார்கள். பால் பொருட்களை விட்டவர்கள் சீஸுக்குப் பதிலாக இதைத் தூவிக்கொள்கிறார்கள். ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் ஈஸ்டுக்குள் இருந்த ஒரு முக்கியமான சத்தின் தடயம் முதலில் கிடைத்தது நம்ம மும்பையில்தான். நம்ம சென்னைக்கும் குன்னூருக்கும்கூட இந்தக் கதையில் பங்கு உண்டு.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய் வந்தார். அப்போது துணி மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. தாயும் போய், குழந்தையும் போன வீடுகள் உண்டு. இரும்புச்சத்து குறைந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இந்தப் பெண்களுக்கோ அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்து இருந்தன. அப்படியானால் இது வேறு நோய்!

பரேலில் இருக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்தான் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். கிருமித் தொற்றா என்று முதலில் பார்த்தார். அந்த வழியில் விடை கிடைக்கவில்லை. பிறகு, இந்தப் பெண்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். சாப்பாடு எந்த வீடுகளில் மோசமாக இருந்ததோ, அங்கேதான் ரத்தசோகையும் அதிகமாக இருந்தது. 1929-ல் கொஞ்ச காலம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலும், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் இந்த வேலையைத் தொடர்ந்தார். கோஷா ஆஸ்பத்திரி என்றால் திருவல்லிக்கேணிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான்.

அந்தப் பெண்களின் சாப்பாட்டையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தபோது தடுக்க முடிந்தது. அடுத்து குரங்குகள். ரத்தசோகை வந்த குரங்குக்கு 'மார்மைட்' கொடுத்தபோது அது தேறியது. மார்மைட் என்பது பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் கறுப்புக் குழம்பு. 1902 முதல் இங்கிலாந்தில் தயாராகிறது. பிரெட்டில் தடவிச் சாப்பிடுவார்கள், உப்புக் கரிக்கும்! அதையே நோயாளிப் பெண்களுக்கும் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். இந்த முடிவு 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது.

சத்து எது என்று தெரியாததால் அதற்கு 'வில்ஸ் ஃபேக்டர்' என்றே பெயர். 1941-ல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக்கீரையை அலசி அதைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு 'ஃபோலியம்' என்று பெயர். அதனால் 'ஃபோலிக் அமிலம்' ஆனது. 1945-ல் லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சிக் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்!

கதை இதோடு முடியவில்லை. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், குழந்தைக்கு வரும் முதுகுத்தண்டுக் குறைபாடுகளைப் பெருமளவு தடுக்கலாம் என்று 1991-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மார்களிடம் நடந்த ஆய்வு அது. மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. முதுகுத்தண்டு உருவாவது கருவின் முதல் நான்கு வாரங்களில். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள்.

அப்போ அந்த டப்பா ஈஸ்டை வாங்கலாமா? தாராளமாக, பிடித்திருந்தால். புரதமும் பி வகை வைட்டமின்களும் உண்டு. உப்புமா, சூப், பாப்கார்ன் எதிலும் தூவலாம். ஆனால் பி12 ஈஸ்டில் இயற்கையாகக் கிடையாது. கம்பெனி சேர்த்தால்தான் உண்டு. லேபிளைப் படியுங்கள். சைவக்காரர்களுக்கு இது முக்கியம். பி12 குறைந்தவர்கள் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும். நரம்பு பாதிப்போ உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும். கௌட் எனும் மூட்டுவலி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு அதில் முக்கியமான காரணம். அரசு ஆஸ்பத்திரிகளில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் வாந்தி வருகிறது, மலம் கறுக்கிறது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஊரில் என்றால் கீரை ஆய்ந்து கொடுக்கவும், மாத்திரை போட்டாயா என்று கேட்கவும் அம்மாவோ அத்தையோ இருப்பார்கள். வெளியூரில் தனியாக இருக்கும் நம் பெண்களுக்கு அந்தக் கேள்வியைப் போனில்தான் கேட்க வேண்டும். தினமும் கேளுங்கள். தொந்தரவு இருந்தால் நிறுத்தச் சொல்லாதீர்கள், டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். முகம் தெரியாத அந்த மில் தொழிலாளிப் பெண்கள் பட்ட பாட்டிலிருந்து நமக்குக் கிடைத்த மாத்திரை அது. அலமாரியில் கிடந்து காலாவதி ஆக வேண்டாம்.