உங்கள் இணையத்தளத்தை ஏஐ சரியாகப் படிக்கிறதா?

உங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் நிகழ்ச்சி எப்போது என்று ஒருவர் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார். அது போன வருஷத் தேதியைச் சொல்கிறது.

ஏன் இப்படி?

புதிய தேதி போஸ்டர் படத்தில் மட்டும் இருக்கலாம். தளங்களை அலசும் பாட்கள் பெரும்பாலும் எழுத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பழைய பக்கத்தில் எழுத்தாக இருந்த தேதி அதற்குச் சுலபமாகக் கிடைத்துவிடும்.

என்ன செய்யலாம்?

● நாள், இடம், கட்டணத்தை எழுத்தாகப் போடுங்கள். 'நாளை' வேண்டாம், ஆண்டோடு முழுத் தேதி வேண்டும்.

● பழைய பக்கத்தில் 'நிகழ்ச்சி முடிந்தது' என்று குறிப்பிடுங்கள்.

● 'ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி' கோப்பைப் பாருங்கள். எந்த பாட் உள்ளே வரலாம் என்று சொல்லும் இந்த முறை 1994இல் தொடங்கியது. ஓப்பன்ஏஐயின் 'ஜிபிடிபாட்' பயிற்சிக்குத் தகவல் திரட்டுவது, 'ஓஏஐ-சர்ச்பாட்' தேடலுக்கானது. முதலாவதைத் தடுத்துவிட்டு இரண்டாவதை அனுமதிக்கலாம்.

'எல்எல்எம்எஸ்.டிஎக்ஸ்டி' என்றால்?

தளத்தின் முக்கியப் பக்கங்களை ஏஐக்குப் பட்டியலிட்டுக் காட்டும் கோப்பு. ஜெரமி ஹோவர்ட் 2024இல் முன்மொழிந்தார். உருவாக்குவது சுலபம். ஆனால் ஏஐ அதைப் படித்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை.

அதனால், முதலில் போஸ்டரில் இருப்பதை டைப் பண்ணிடுங்க. கோப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.