வளைகோலும் வாழ்நாள் உத்தியோகமும்



குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலில் அடுத்தடுத்து வரும் நிலையங்கள் வெல்லிங்டனும் அருவங்காடும். முன்னது படைவீரர் ஊர். பின்னது வெடிமருந்துத் தொழிற்சாலை ஊர். இவ்விரண்டுக்கும் நடுவே வளர்ந்தவன் நான். மாலையில் மூடுபனி இறங்குவதற்குள் படைவீரர்கள் ஆடும் ஹாக்கியைக் காண்பதே எங்கள் பிள்ளைப் பருவத்துப் பெரும் பொழுதுபோக்கு.

அவ்வணியில் பின்காவல் நின்ற ஹவில்தார் ஒருவர் இன்றும் என் நினைவில் நிற்கிறார். காதோரம் நரை கண்டிருந்தது, ஓட்டமும் தளர்ந்திருந்தது. ஆயினும் பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர் போல் அங்கே போய் நின்றிருப்பார். ஒருநாள் இளைஞன் ஒருவன் அவரைத் தாண்டி ஓடிக் கோல் அடித்துவிட்டான். "இவரை ஏன் அப்பா இன்னும் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். தொழிற்சாலையில் பணிபுரிந்த என் தந்தையார் சிரித்தார். "காலுக்காகவா அவரை வைத்தார்கள்? ஆளுக்காக அல்லவா வைத்திருக்கிறார்கள், தம்பி!" என்றார். அந்தச் சொல்லில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று.

ஹாக்கியை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் ஆங்கிலப் படையினர். ஆகவே அது பாசறை ஊர்களில் வேரூன்றி வளர்ந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்காக 1850களில் படைக் கட்டடங்கள் எழுந்த வெல்லிங்டன், 1947 முதல் மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடமாயிற்று. அந்நாளில் ஒலிம்பிக் பந்தயத்தில் ஒரு விதி இருந்தது: காசுக்கு ஆடுபவன் களத்தில் இறங்கலாகாது. ஆட்டத்துக்குக் கூலி இல்லையெனில் ஆட்டக்காரன் எங்ஙனம் உண்பது? அதற்கு இந்நாடு கண்ட வழி உத்தியோகம். படை, காவல்துறை, ரயில்வே, சுங்கம் ஆகியவை நல்ல ஆட்டக்காரர்களைப் பணியில் அமர்த்திக்கொண்டன. அவன் ஆடுவது பத்து ஆண்டாயினும், உத்தியோகமோ ஓய்வு வயது வரை நீடிக்கும். அதன்பின் ஓய்வூதியமும் உண்டு. நீண்டகால ஒப்பந்தம் என்று யாரும் அதை அழைத்ததில்லை. உண்மையில் அதைவிட நீண்ட ஒப்பந்தம் வேறில்லை.

தயான் சந்தின் வாழ்வே இதற்குச் சான்று. 1922-ல் சிப்பாயாகச் சேர்ந்தார். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். பெர்லினில் ஜெர்மனியை 8-1 என வென்ற அணிக்குத் தலைவர் அவரே. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்றை நெருங்கியிருந்தது. அதுவே அவரது கடைசி ஒலிம்பிக். ஆனால் படை அவரை அனுப்பிவிடவில்லை. மேலும் இருபதாண்டுகள் பணியாற்றி, 1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார்.

பஞ்சாப் காவல்துறையின் பல்பீர் சிங், 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்றார். நம் சென்னையின் கோல்காப்பாளர் ரங்கநாதன் பிரான்சிஸும் அம்மூன்று அணிகளிலும் இருந்தவர். கல்கத்தா சுங்கத்துறையின் லெஸ்லி கிளாடியஸ் நான்கு ஒலிம்பிக் கண்டார். 1960-ல் ரோமில் அணித்தலைவராக நின்றபோது அவருக்கு வயது 33. உதம் சிங்கோ 1964-ல் டோக்கியோவில் தம் நான்காவது ஒலிம்பிக்கை ஆடியபோது முப்பத்தாறைக் கண்டுவிட்டார். பாகிஸ்தானை 1-0 என வென்று தங்கத்தோடு திரும்பினார். நாளைய சோற்றுக்குக் கவலையின்றி ஆடியதனால்தான் இவர்களால் இத்தனை காலம் ஆட முடிந்தது என்பது என் துணிபு.

கடல் கடந்து நோக்குவோம். வட அமெரிக்காவில் பனித்தரையில் ஆடும் ஹாக்கி பெருவணிகம். அங்கே ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு; ஒப்பந்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியே கணக்கில் ஏறும். இதில் ஒரு சூழ்ச்சி நுழைந்தது. 2010-ல் நியூஜெர்ஸி அணி, கோவல்சுக் என்னும் 27 வயது வீரரோடு 17 ஆண்டுகளுக்கு 10 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் எழுதிற்று. முன்பகுதியில் கோடிகள், நாற்பதைத் தொடும் கடைசி ஆண்டுகளில் வெறும் ஐந்தரை லட்சம். அவ்வயதில் அவர் ஆடுவார் என்று எவரும் நம்பவில்லை. சராசரியைக் குறைக்கவே அவ்வாண்டுகள் சேர்க்கப்பட்டன. நடுவர் அதைச் செல்லாது என்றார். பின்னர் 15 ஆண்டுக்கு எழுதினார்கள். மூன்றே ஆண்டில் அவர் ருஷ்யாவுக்குத் திரும்பிவிட்டார். 2013-ல் ஒப்பந்தத்துக்கு எட்டாண்டு வரம்பு வந்தது. அங்கே ஆண்டுகள் நீண்டிருந்தன. முதுமைக்கு அவற்றில் இடமில்லை.

அதற்காக நம் முறை குறையற்றது என்று சொல்ல வரவில்லை. உத்தியோகம் கிட்டாத திறமைசாலிகள் பெயரின்றி மறைந்தனர். தயான் சந்தே 1979-ல் டெல்லி மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் கண் மூடினார். உத்தியோகம் சோறு போடும்; நாட்டின் நினைவை அதனால் வாங்கித் தர இயலாது.

ஆயினும் அம்முறை பலருக்கு ஏணியாயிற்று. புனேயை அடுத்த கிர்க்கீயில், படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தன்ராஜ் பிள்ளை. தந்தையார் ஆடுகளம் பேணும் பணியாளர். இந்தியன் ஏர்லைன்ஸில் பணி பெற்ற தன்ராஜ், 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் ஆடினார். கடைசியில் அவருக்கு வயது 36.

இன்று காற்று மாறி வீசுகிறது. 2013-ல் தோன்றிய ஹாக்கி லீக் 2017-க்குப்பின் நின்றுபோய், 2024 இறுதியில் மீண்டும் எழுந்தது. அதன் ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்கின் விலை 78 லட்சம். மகிழ்ச்சியே! ஆனால் ஏழாண்டு லீக் நின்றிருந்த காலத்தில் ஆட்டக்காரனைக் காத்தது ஏலத்தொகையா, மாதச் சம்பளமா? படையிலும் 2022 முதல் சிப்பாய்க்கு முதற்கண் நான்காண்டுப் பணியே. கால்பங்கினர் வரையே தொடரலாம். அதன் நன்மை தீமைகளை அறிந்தோர் ஆராயட்டும். பின்காவல் நிற்பவன் பக்குவப்பட நான்காண்டு போதுமா என்பதே என் ஐயம்.

அந்த ஹவில்தார் பின்னர் ஆடுவதை நிறுத்தினார். ஆயினும் திடலை விட்டுப் போகவில்லை. வளைகோல்களுக்கு நூல் சுற்றினார். எங்களைப் போன்ற சிறுவர்களுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்தார். எனக்குப் பந்து நிற்கவே இல்லை. அவருக்குப் பொறுமையும் குறையவில்லை. கால் ஓய்ந்த பின்பும் ஆளுக்கு மதிப்பு உண்டு என்பதை அவரிடம்தான் நான் கற்றேன். ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் எத்தனை ஆண்டு என்று எழுதுமுன், ஓடமுடியாத நாளில் இவன் எங்கே நிற்பான் என்று ஒருமுறை எண்ணட்டும்.