படுகளத்தில் விழும் வாசகர்: கொங்குநாட்டில் மிகைபுனைவின் ஏற்பு

மிகைபுனைவைப் படிப்பவர் நடப்புலகை விட்டு ஒதுங்கிக்கொள்கிறார் என்னும் எண்ணம் தமிழ் விமரிசனத்தில் நெடுங்காலமாக வேர்பிடித்திருக்கிறது. அற்புதம் நிகழும் கதை சிறுவர்க்கு உரியது, இல்லையேல் பக்தர்க்கு உரியது. முதிர்ந்த வாசகர் அதைத் தாண்டி வந்தாக வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. கொங்கு வட்டாரத்தின் கதைகேட்கும் மரபையும் நூல் வாசிக்கும் மரபையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இவ்வெண்ணம் நிற்காது. இங்கே அற்புதக் கதையைக் கேட்டவர்கள் கதைக்குள் தங்களுக்கென ஓர் இடத்தை எடுத்துக்கொண்டவர்கள். அந்தப் பழக்கம், இடையில் சோவியத் நூல்களின் காலத்தைக் கடந்து, 1997இல் வெளிவந்த ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ நாவலை இவ்வட்டாரம் ஏற்றுக்கொண்ட விதத்திலும் தொழிற்படுகிறது என்பதே என் வாதம்.

மிகைபுனைவு பற்றிய கோட்பாட்டுப் பேச்சில் த்ஸ்வெதான் தொதரோவின் வரையறை இன்றும் முதலில் எடுத்து வைக்கப்படுகிறது. 1970இல் வெளியான நூலில் அவர் வாசகரின் தயக்கத்தை மையமாக்கினார். நடந்தது இயற்கை விதிக்குள் அடங்குமா, அடங்காதா என்று வாசகர் முடிவுகட்ட முடியாமல் நிற்கும் நேரமே மிகைபுனைவின் நேரம். ஐரோப்பாவின் 19ஆம் நூற்றாண்டுக் கதைகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. தனியறையில், ஒற்றை ஆளாக, மௌனமாகப் படிக்கும் ஒருவரை அது முன்கூட்டியே கற்பித்துக்கொள்கிறது. ஊர் கூடிக் கேட்கும் கதைக்கு இந்த அளவுகோல் போதாது.

அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்வோம். பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை தங்காள் ஆகியோரின் கதை கொங்கு நாடெங்கும் உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்பட்டு வந்தது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில், அன்றைய கோவை மாவட்டத்தில் இருந்த காங்கேயம் பகுதியின் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, இக்கதையை நிகழ்த்துநரின் வாயிலிருந்தே ஒலிப்பதிவு செய்தார். 1982இல் அவர் எழுதிய ஆய்வுநூலும், 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்த கதைப் பனுவலும் அந்தப் பதிவின் விளைவுகள். வயலைப் பாழாக்கும் கொம்பன் என்னும் பெரும் பன்றி, தெய்வங்களின் தலையீட்டால் நிகழும் பிறப்புகள், செத்தவர் எழுந்து தங்கையோடு பேசுவது என்று அற்புதத்துக்கு அதில் குறைவே இல்லை.

கதை முடிவை நோக்கிப் போகும்போது கேட்பவர்களுக்கு நேர்வதுதான் இங்கு நமக்கு முக்கியம். அண்ணன்மார் மாயும் கட்டத்தில் கூட்டத்திலிருந்து சிலர் அருள் வந்து தரையில் விழுவார்கள். செத்தவராகக் கருதப்பட்டுத் துணி போர்த்தப்படுவார்கள். பின்பு தங்காளின் பேரால் தீர்த்தம் தெளிக்கப்பட்டு எழுவார்கள். இதைப் படுகளம் என்பார்கள். மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் மாசி விழாவில் இது பெருந்திரளுக்கு நடுவே நிகழ்கிறது. விழுந்தவரிடம் போய், கொம்பன் உண்மையில் இருந்ததா என்று கேட்பதில் பொருளில்லை. கதையின் இறப்பில் ஒரு பங்கைத் தன் உடலால் சுமக்க அவர் ஒப்புக்கொண்டார் என்பதே அவருடைய ஏற்பு. தொதரோவ் சொல்லும் தயக்கம் இங்கே எழவே இல்லை.

இந்தப் பங்கேற்பைத் தூய்மையானதாகக் கொண்டாடிவிடக் கூடாது. உழவர்குடியின் நில உரிமைக் கதை இது. எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் காட்டை நம்பி வாழும் வேட்டுவர்கள். அண்ணன்மாருக்குத் துணைவரும் சாம்புகன் பறை முழக்கும் குடியைச் சேர்ந்தவன். வீரத்தில் பங்குண்டு, நிலத்தில் பங்கில்லை. யார் கதைக்குள் எந்த இடத்தில் நிற்கலாம் என்பதைச் சாதி ஏற்கெனவே வகுத்திருக்கிறது. மிகைபுனைவில் பங்கெடுப்பது என்பது அதிகாரத்திலும் பங்கெடுப்பது என்பதை இந்தக் கதைதான் நமக்கு முதலில் காட்டித்தருகிறது. ‘விஷ்ணுபுரம்’ பற்றிப் பேசும்போது இது திரும்பவும் தேவைப்படும்.

ருஷ்யாவில் இதே சிக்கல் வேறு முகத்தோடு தோன்றியது. மிகாயில் புல்ககோவ் 1928 முதல் 1940இல் இறக்கும்வரை எழுதித் திருத்திய ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ நாவலில் சாத்தான் தன் பரிவாரத்தோடு மாஸ்கோவுக்கு வருகிறான். பூனை ஒன்று மனிதரைப்போல் நடந்துகொள்கிறது, வீட்டுவசதிக் குழுவின் தலைவரிலிருந்து நாடக அரங்கின் நிர்வாகிகள்வரை எல்லோரும் அம்பலப்படுகிறார்கள். ஆசிரியர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1966–67இல், ‘மஸ்க்வா’ இதழில் பல பகுதிகள் வெட்டப்பட்ட நிலையில் அது அச்சேறியது. முழுமையான வடிவம் சோவியத் நாட்டில் நூலாக 1973இல்தான் வந்தது. நாவலின் முடிவுரையில் அதிகாரிகள் நடந்தவை எல்லாவற்றுக்கும் விளக்கம் தருகிறார்கள்: மனவசியம் தெரிந்த ஒரு கும்பலின் வேலை அது. இயற்கையான விளக்கம் இதோ கிடைத்துவிட்டது. ஆனால் எந்த வாசகரும் அதை ஏற்பதில்லை, ஏனென்றால் அதைச் சொல்கிறவர் யார் என்பது அவருக்குத் தெரியும். அற்புதம் மெய்யா என்ற கேள்வி இங்கே, விளக்கம் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

புல்ககோவ் 1920களில் குடியிருந்த பல்ஷாயா சதோவயா தெரு 10ஆம் எண் கட்டடத்தின் 50ஆம் எண் வீட்டையே நாவலில் சாத்தானின் தங்குமிடமாக்கினார். பிற்காலத்தில் வாசகர்கள் அந்த வீட்டுக்கு ஏறிச்செல்லும் படிக்கட்டுச் சுவர்களை நாவலின் வரிகளாலும் ஓவியங்களாலும் நிரப்பினார்கள். தனியறையில் படித்த வாசகர்களும் கடைசியில் ஓரிடத்தில் கூடிக் கதைக்குள் தம் கையெழுத்தை இட்டிருக்கிறார்கள். படுகளத்துக்கு மிக அருகில் வரும் செயல் இது.

தமிழுக்கு மாஸ்கோவிலிருந்து வந்து சேர்ந்த ருஷ்ய இலக்கியத்தில் இந்த ஓடை ஒலிக்கவில்லை. 1934ஆம் ஆண்டின் சோவியத் எழுத்தாளர் மாநாடு சோசலிச யதார்த்தவாதத்தை அதிகாரபூர்வ நெறியாக நிலைநிறுத்தியது. முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களும் 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் பரப்பிய நூல்களும் பெரும்பாலும் அந்த நெறியின் தேர்வுக்குள் அடங்கியவை. அற்புதம் சிறுவர்க்கான நாட்டுப்புறக் கதைகளாக, வண்ணப் படங்களோடு, தனிப் பெட்டியில் வந்தது. பெரியவர்களுக்கு மக்சீம் கார்க்கியின் ‘தாய்’ வந்தது. அதை மொழிபெயர்த்த ரகுநாதனே ‘பஞ்சும் பசியும்’ எழுதி அந்த நெறிக்குத் தமிழில் ஒரு முன்மாதிரியையும் தந்தார்.

கோவையின் ஆலைத் தொழிலாளர்களிடையே ‘தாய்’ என்னவாக வாசிக்கப்பட்டிருக்கும் என்பதை உணர அந்த மண்ணின் வரலாறு உதவும். சூலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சின்னியம்பாளையத்தின் ஆலைத் தொழிலாளர்கள் நால்வர் 1946 சனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களை நினைவில் வைத்திருந்த சமூகத்துக்குப் பாவெலும் அவன் தாயும் அயலார் அல்லர். பிள்ளைகளுக்குக் கார்க்கி என்றும் லெனின் என்றும் பெயரிட்ட வீடுகள் தமிழகமெங்கும் உண்டு. யதார்த்தவாத நாவலையும் இவ்வாசகர்கள் பங்கேற்பாகவே ஏற்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கதை வகை மாறியது, கேட்பவரின் பழக்கம் மாறவில்லை.

சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘அன்னை வயல்’ இதில் ஒரு விதிவிலக்கு. அதில் தோல்கனாய் வயலோடு பேசுகிறாள், வயல் அவளுக்கு மறுமொழி சொல்கிறது. போரில் மக்களை இழந்த தாயின் துயரக் கதை என்றே அது நம்மிடம் பேசப்பட்டது. பேசும் நிலத்தை அணியாக எண்ணிக் கடந்துவிட்டோம்.

சூலூர் வட்டத்துச் சோமனூரில் 1935இல் பிறந்த கோவை ஞானி இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறார். ‘வானம்பாடி’ இயக்கத்திலும், பின்னர் ‘பரிமாணம்’, ‘நிகழ்’ இதழ்களிலும் செயல்பட்ட அவர், தொன்மத்தையும் கடவுளையும் மார்க்சியத்தின் பகைவர்களாகத் தள்ளிவைக்க மறுத்தார். மக்கள் தம் ஏக்கத்தை எந்த வடிவத்தில் சேமித்து வைத்திருந்தாலும் அதைப் படிக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஜெயமோகனின் ‘போதி’, ‘படுகை’ ஆகிய கதைகள் ‘நிகழ்’ இதழில் வெளிவந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. தொன்மமும் வரலாறும் கலந்த எழுத்தை ஓர் இடதுசாரி இதழ் ஏந்திக்கொள்ளும் சூழல் கோவையில் உருவாகியிருந்தது. பார்வையை இழந்த பின்னும் பிறர் படித்துக் காட்டக் கேட்டுத் தொடர்ந்து எழுதிய அந்த மனிதருக்குத் தமிழ் விமரிசனம் இன்னும் கடன்பட்டிருக்கிறது.

‘விஷ்ணுபுரம்’ வந்தபோது அதன் ஏற்பு இரண்டாகப் பிளந்தது. ஒரு சாரார் இந்துத்துவ நாவல் என்றார்கள். மறுசாரார் அதன் கற்பனை விரிவைக் கண்டு வியந்து நின்றார்கள். இரு தரப்பும் நாவலின் கால அமைப்புக்கு உரிய கனத்தைத் தரவில்லை என்று கருதுகிறேன். ‘ஸ்ரீபாதம்’, ‘கௌஸ்துபம்’, ‘மணிமுடி’ என்னும் மூன்று பகுதிகளில் இரண்டாவது, முதலாவதற்கு முந்தைய காலத்தில் நடக்கிறது. முதற்பகுதியில் புராணமாகவும் தோத்திரமாகவும் கேட்டவர்களை இரண்டாம் பகுதியில் ஐயமும் களைப்பும் கொண்ட மனிதர்களாகச் சந்திக்கிறோம். பௌத்தனான அஜிதன் பவதத்தரோடு வாதிட்டு வெல்கிறான். அவ்வெற்றி அவன் கண்முன்பே அதிகாரமாக இறுகத் தொடங்குகிறது. பள்ளிகொண்ட பெருமாளாக வணங்கப்படும் பேருருவைப் பழங்குடியினர் தங்கள் மூப்பனாக நினைவில் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் பகுதியில் எல்லாவற்றையும் வெள்ளம் கொண்டுபோகிறது.

இந்த வைப்பு முறையால், அற்புதம் நடந்ததா என்ற கேள்வி வாசகருக்கு விரைவிலேயே சலித்துப்போகிறது. அற்புதம் நடந்ததாகச் சொல்லி யார் கோயிலைக் கைப்பற்றினார்கள் என்று அவர் கேட்கத் தொடங்குகிறார். புல்ககோவின் முடிவுரை செய்வதை இந்நாவல் தன் மொத்த உடலாலும் செய்கிறது. இந்துத்துவக் குற்றச்சாட்டு வலுவிழப்பது இங்கேதான். அதே நேரத்தில், வியந்து வாசிப்பவர்களும் நாவல் கட்டும் கோபுரத்தில் மயங்கி, அதைக் கட்டியவர் முதுகில் விழுந்த சவுக்கடியை மறந்துவிடக் கூடாது.

இரண்டாண்டு கழித்து, 1999இல் வந்த ‘பின் தொடரும் நிழலின் குரல்’ கோவை போன்ற தொழிற்சங்க நகரங்களுக்கு இன்னும் நெருக்கமானது. தமிழகத் தொழிற்சங்கவாதி ஒருவர் கட்சி மறைத்த ஒரு பெயரைத் தேடப்போய், 1938இல் கொல்லப்பட்ட நிகொலாய் புகாரினிடம் வந்து சேர்கிறார். கடிதம், கவிதை, நாடகம், கனவு என்று வடிவம் சிதறுகிறது. புகாரினின் கடைசிக் கடிதத்தை எழுத்தில் வைத்திருக்க அஞ்சி, அவர் மனைவி அன்னா லாரினா அதை மனப்பாடமாகவே பல்லாண்டு காத்தார் என்பது வரலாறு. கார்க்கியின் மூலம் ருஷ்யாவைத் தம் ஊராக எண்ணிய தலைமுறைக்கு இந்நாவல் கோபமும் துக்கமும் தந்ததில் வியப்பில்லை. பங்கெடுத்தவரால் மட்டுமே அப்படிக் கோபப்பட முடியும்.

‘விஷ்ணுபுரம்’ பெயரால் 2009இல் கோவையை மையமாகக் கொண்டு ஓர் இலக்கிய வட்டம் தொடங்கி, 2010 முதல் ஆண்டுதோறும் விருது வழங்கி வருகிறது. எழுத்தாளர் ஒருவரைச் சுற்றிய வழிபாடு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. விருது பெற்றோர் வரிசை அதற்கு இடம்தரவில்லை. ஆ. மாதவன், ஞானக்கூத்தன், ராஜ் கௌதமன், சாரு நிவேதிதா எனப் பார்வையில் ஒருவருக்கொருவர் ஒவ்வாதவர்கள் அதில் இருக்கிறார்கள். விழாவில் வாசகர்கள் எழுத்தாளர்களை எதிரில் அமர்த்தி மணிக்கணக்கில் கேள்வி கேட்கிறார்கள். நாவலின் நடுவே நிகழும் ஞானசபை விவாதத்தை நடைமுறையில் நீட்டிப் பார்க்கும் முயற்சியாகவே இதைக் கொள்கிறேன். வேறொரு குறையைத்தான் நான் சுட்டுவேன்: வட்டம் வளர்ந்த அளவுக்கு நாவல் மீதான விமரிசனம் வளரவில்லை. வேட்டுவரையும் சாம்புகனையும் மனத்தில் வைத்து, நாவலின் பழங்குடியினரை மையமாக்கிய விரிவான வாசிப்பு ஒன்று வந்தாக வேண்டும்.

அதற்கான சான்றுகள் நூலகத்தில் மட்டும் கிடைக்கமாட்டா. சோமனூர் விசைத்தறிக் கூடங்களிலும் சூலூர், சின்னியம்பாளையம் ஆலைக் குடியிருப்புகளிலும் அண்ணன்மார் கதையைச் சிறுவயதில் கேட்டு, இளமையில் ‘தாய்’ படித்து, நடுவயதில் ‘விஷ்ணுபுரம்’ வாங்கியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் வாய்மொழியையும் நூல் ஓரங்களில் அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் கொங்குப் பகுதியின் தமிழ்த்துறைகள் தொகுக்கத் தொடங்க வேண்டும். படுகளத்தில் விழுந்து எழுந்தவர்களும் அந்தத் தொகுப்பில் வாசகர்களாகவே சேர்க்கப்பட வேண்டும்.