டி-செல்லைப் பிடித்த நான்கு கைகள்

பிழைப்புக்காகத் தில்லி வந்து, ஆய்வகம் ஒன்றில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். நம்மூர் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: "தடுப்பூசி வேலை செஞ்சுதான்னு தெரிஞ்சுக்க ஆன்டிபாடி பார்த்தா போதாதாப்பா?"

எல்லா நோய்க்கும் போதாது. வைரஸ் புகுந்த செல்லையே தேடிப்போய்க் கொல்லும் டி-செல்களையும் எண்ண வேண்டும். அந்தக் கணக்கு ஒழுங்காக வர ஆரம்பித்ததே 1996-க்குப் பிறகுதான். கொஞ்சம் பழைய கதை, பொறுமையாகப் படியுங்கள்.

1974-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் ஒன்றைக் காட்டினார்கள். வைரஸை மட்டும் பார்த்து டி-செல் அசையாது. நம் செல்லின் மேலிருக்கும் எம்.எச்.சி. என்ற அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த எம்.எச்.சி., வைரஸ் புரதத்தின் துணுக்கைக் கிண்ணம் போல ஏந்தி நிற்கும் என்பது 1987-ல் படமாகவே தெரிந்தது.

அப்படியானால் கிண்ணத்தை நாமே செய்து, துணுக்கை வைத்து, ஒளிரும் சாயம் ஒட்டி டி-செல்லைப் பிடிக்கலாமே? அங்கேதான் சிக்கல். ஒற்றைக் கிண்ணத்தின் பிடி பலவீனமானது. சில நொடிகளில் நழுவிவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸின் ஆய்வகத்தில் இருந்த ஜான் ஆல்ட்மேன் குழுவினர் எளிமையான வழி கண்டார்கள். கிண்ணத்தின் அடியில் பயோட்டினை ஒட்டினார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்குப் பயோட்டினைப் பிடிக்க நான்கு இடங்கள் உண்டு. ஆக, நான்கு கிண்ணம் சேர்ந்த 'டெட்ராமர்' தயார். ஒரு கை நழுவினாலும் இன்னொன்று பிடித்திருக்கும். எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கான டி-செல்கள் அப்படியே ஒளிர்ந்தன. கட்டுரை சயன்ஸ் இதழில் வந்தது 1996 அக்டோபர் 4. மூன்றே நாளில் டோஹர்ட்டிக்கும் ஜிங்கர்நாகலுக்கும் நோபல் அறிவிப்பு!

அதுவரை டி-செல்களைத் தட்டில் வளர்த்துத்தான் எண்ணினார்கள். பெருகாமல் செத்தவை கணக்கிலேயே வராது. அதனால் தொற்றின்போது பெருகும் டி-செல்களில் பெரும்பாலானவை சும்மா வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்திருந்தார்கள். 1998-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், நம் ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதுவின் ஆய்வகம், எல்.சி.எம்.வி. வைரஸ் தொற்றிய எலிகளில் டெட்ராமர் வைத்து எண்ணியது. முதல் பெயர் முரளி கிருஷ்ணா. தொற்று உச்சத்தில், கிளர்ந்தெழுந்த சி.டி.8 டி-செல்களில் 50 முதல் 70 சதவீதம் அந்த வைரஸுக்கென்றே வந்தவை! வேடிக்கை பார்க்க வந்தவை அல்ல, சண்டைக்கு வந்தவை.

இதில் நமக்கென்ன? எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பொருத்தம் பார்க்கிறார்களே, எச்.எல்.ஏ., அதுதான் மனிதர்களின் எம்.எச்.சி. ஒரு டெட்ராமர் ஒரு வகைக்குத்தான் பொருந்தும். உலகில் அதிகம் புழங்குவது ஏ-2-வின் 02:01 கிண்ணம். அது ஐரோப்பியரிடம் பரவலான வகை. இந்தியர்களிடமோ 02:11 போன்ற உட்பிரிவுகளும் கணிசமாக உண்டு.

எனவே வெளிநாட்டுக் கிண்ணத்தை நம் பிள்ளைகளின் ரத்தத்தில் போட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று வந்தால், அவர்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்று அர்த்தமில்லை. பொருந்தும் கிண்ணம் நம் கையில் இல்லாமலும் இருக்கலாம். அன்று தட்டில் வளராதவை விட்டுப்போயின. இன்று நம்மவர்கள் விட்டுப்போகாமலிருக்க, நம் வகைகளுக்கும் கிண்ணம் செய்தாக வேண்டும்.