உறையாத குருதியும் பினாங்கு மருத்துவமனையும்

பாம்பு கடித்தவரின் குருதி சில வேளைகளில் உறையாமற்போகும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஆயின், உறையாத குருதியோடு மனிதன் எத்தனை நாள் உயிர் தரிக்க முடியும்? உறையாமையைக் காட்டும் சோதனை அவனுடைய முடிவை எவ்வளவு தூரம் முன்னறிவிக்கும்? இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை பிறந்த இடங்களுள் பினாங்கும் ஒன்று. அவ்வாராய்ச்சிக்கு உடலைத் தந்தவர்களுள் பால்மரத் தோட்டப் பாட்டாளிகளும் இருந்தனர். நோய் கண்டறிந்த மருத்துவர்க்கு நூல்களில் இடமுண்டு, கடிபட்டவர்க்கு அஃதில்லை.

மலாயாவின் வட மாநிலங்களில், குறிப்பாகக் கெடா, பெர்லிஸ் பகுதிகளில், மிகுதியாகக் காணப்படும் விரியன் ஒன்று உண்டு. மலாய் மொழியில் அதனை ‘காப்பாக் போடோ’ என்பர். போடோ என்றால் மடையன் என்று பொருள். ஆள் அரவம் கேட்டும் விலகாது, கடித்த பின்னரும் பெரும்பாலும் அதே இடத்திற் கிடப்பதால் இப்பெயர் பெற்றது போலும். உதிர்ந்த பால்மர இலைகளின் நிறத்தோடு அதன் நிறம் ஒன்றிவிடும். விடியுமுன் பெரட்டு முடிந்து நிரைக்குச் செல்பவரின் கால் அதன்மேற் படுவது வியப்பன்று. மடமை யாருடையது என்று கேட்டால், அப்பாம்பு வேறு விடை சொல்லக்கூடும்.

1950-களில் பினாங்குப் பொது மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றியவர் அலிஸ்டர் ரீட். வடமேற்கு மலாயாவின் மீனவச் சிற்றூர்களில் கடற்பாம்புக் கடியைப் பற்றி ஆராய்ந்து 1957-இல் கட்டுரை வெளியிட்டவர் இவரே. கடித்த பாம்பு இன்னதென்று உறுதிப்படுத்திக்கொண்டு, நோயாளியை நாள்தோறும் கண்காணித்துக் குறிப்பெழுதுவது இவர் வழக்கம். எளிதாகத் தோன்றும் இவ்வழக்கம் அதுவரை பாம்புக்கடி மருத்துவத்தில் அரிதாகவே இருந்தது.

விரியன் கடித்து வந்தவர்களிடம் ரீட் கண்டது இது. கடிபட்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நஞ்சு உடலிற் சிறிதே ஏறியிருந்தது; அல்லது ஏறவே இல்லை. நஞ்சு நன்கு ஏறியவர்களின் குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தால், அது உறையாமல் நீராகவே நின்றது. சிலர் குருதி கலந்த சளியைத் துப்பினர்; சிலர் ஈறுகளில் குருதி கசிந்தது. நச்சுமுறி மருந்து பெறாதவர்களிடம் இந்நிலை இரண்டு வாரங்களுக்கும் மேலாக நீடித்ததுண்டு. ஆயினும் அவர்களுட் பெரும்பாலோர் எழுந்து நடமாடினர், உண்டனர், உறங்கினர். இச்செய்தியை ரீட், சான், தியன் ஆகிய மூவரும் 1963-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர்.

குருதி உறையாவிடின் மனிதன் குருதி ஒழுகியே மாள்வான் என்பது பொது நம்பிக்கை. அந்நம்பிக்கை ஏன் இங்குப் பொய்த்தது என்பதை அறிய, உறைதல் நிகழும் வகையைச் சிறிது நோக்க வேண்டும்.

குருதியில் ஃபைப்ரினோஜென் என்னும் புரதம் கரைந்திருக்கிறது. காயம்பட்டவிடத்தில் த்ராம்பின் என்னும் நொதி தோன்றி, அப்புரதத்திலிருந்து இருவகைச் சிறு துண்டுகளை வெட்டி எடுக்கிறது. எஞ்சிய பகுதி நூலாகத் திரிந்து, வலையாகப் பின்னி, குருதியணுக்களைச் சிறைப்படுத்துகிறது. பால்மரப் பாலில் அமிலம் சேர்த்துக் கட்டியாக்கியவர்க்கு இத்தகைய மாற்றம் புதிதன்று. இவ்விரியனின் நஞ்சிலும் த்ராம்பினைப் போன்ற நொதி ஒன்று உள்ளது. ஆனால் அஃது ஒருவகைத் துண்டை மட்டுமே வெட்டும். அதனால் விளையும் நூல் வலுவற்றது. ஒன்றோடொன்று இறுகப் பிணையாதது. உடல் அதனை விரைவிற் கரைத்துவிடும். நூல் திரியத் திரியக் கரைந்துபோவதால், ஃபைப்ரினோஜென் ஏறத்தாழ முழுதும் தீர்ந்துபோகிறது. பஞ்சு தீர்ந்த ஆலையில் தறி இருந்தென்ன பயன்? உறையவைக்கும் நஞ்சே குருதியை உறையாமற் செய்யும் விந்தை இதுதான்.

குருதிக் குழாய்ச் சுவர் பழுதின்றி இருக்கும் வரையில், உறைபொருள் இல்லாமையால் மட்டும் குருதி வெளியே பாய்வதில்லை. சுவரைச் சிதைக்கும் வேறு நச்சுப்பொருள்களே குருதிப்போக்கைத் தொடங்குகின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதே ரீட் செய்த பெரும்பணி எனலாம்.

சோதனையின் பயனும் இங்கேதான் விளங்குகிறது. நச்சுமுறி மருந்து குதிரைக் குருதியிலிருந்து செய்யப்படுவதாகலின், சிலர்க்கு அதுவே ஒவ்வாமையால் உயிருக்கு உலை வைக்கும். கடிபட்ட அனைவர்க்கும் அதனைக் கொடுப்பது பிழை. தேவைப்படுவோர்க்குக் கொடாமையும் பிழை. குழாயிலுள்ள குருதி உறையவில்லையானால் நஞ்சு உடலெங்கும் பரவியுள்ளது என்பது உறுதி. நச்சுமுறி மருந்து உறைதலை மீட்கும், ஆனால் கடிவாயில் தசை அழுகுவதைத் தடுப்பதில்லை, அக்காலத்தில் பலரும் நம்பிய பிரெட்னிசோன் பயனற்றது என்பவற்றையும் ரீட் குழுவினர் 1963-இல் முறையான ஒப்பீட்டுச் சோதனையால் காட்டினர்.

ரீட் 1964-இல் லிவர்ப்பூலுக்குச் சென்றார். பினாங்குக் குறிப்புகளோ வேறு திசையிற் பயணப்பட்டன. உறையாத குருதியோடு மனிதர் தீங்கின்றி வாழ முடியுமாயின், குருதிக்கட்டியால் துன்புறுவோர்க்கு இந்நஞ்சையே மருந்தாக்கினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. நொதி பிரித்தெடுக்கப்பட்டு, 1968-இல் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அம்மருந்தே ஆன்க்ராட். மூளைக் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் கண்டவர்களிடம் வட அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2000-இல் நம்பிக்கையூட்டியது. 500 பேரில், மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 42 பேரும் பெறாதோருள் 34 பேரும் நன்கு தேறினர். ஐரோப்பாவில் 1,222 பேரிடம் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில் நன்மை காணப்படவில்லை, குருதிப்போக்கே மிகுந்தது. பிற்பட்ட மற்றோர் ஆய்வும் பயன் காணாது நிறுத்தப்பட்டது. அதில் ஃபைப்ரினோஜென் பெரும்பாலோரிடம் எண்ணியவாறே குறைந்தது. எண் இறங்கியது, நோயாளி எழவில்லை.

குழாய்ச் சோதனையோ இன்னும் வழக்கில் உள்ளது. வாரல் முதலியோர் நைஜீரியாவில் 1977-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின், 20 நிமிடம் என்னும் கால அளவு அதற்கு நிலைத்தது. நோயாளியின் நாளத்திலிருந்து எடுத்த சிறிதளவு குருதியைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் அசையாது வைத்து, 20 நிமிடம் கழித்து ஒருமுறை சாய்க்க வேண்டும். ஓடினால் உறையவில்லை. மருந்து கொடுத்து ஆறு மணி நேரத்துக்குப் பின் மீண்டும் சோதிப்பர்; கல்லீரல் புதிய ஃபைப்ரினோஜெனை உண்டாக்க அத்துணைப் பொழுது வேண்டும். மின்சாரமும் ஆய்வுக்கூடமும் இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும் இது செய்யத்தக்கது.

எனினும் இச்சோதனையை அளவுக்கு மீறி நம்புதல் ஆகாது. கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் இலங்கையில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், குருதியுறைதல் கெட்டிருந்த பலரை இச்சோதனை காட்டித் தரவில்லை; அதனால் அவர்களுக்கு நச்சுமுறி மருந்து தாமதமாயிற்று. கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தையும் கெடுப்பது. அவ்விடத்துத் தாமதம் கொடிது. குழாயின் தன்மையும் கணக்கில் வரும். கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுவதாகலின், பிளாஸ்டிக் குழாயோ சவர்க்காரத்தாற் கழுவிய குழாயோ பயன்படுத்தினால், நஞ்சேறாதவர் குருதியும் உறையாததுபோற் காட்டிவிடும். அக்காரணத்தால், நலமுள்ள ஒருவரின் குருதியையும் அருகே வேறொரு குழாயில் வைத்து ஒப்பிடும் வழக்கம் உண்டு. மருத்துவமனைகளில் நோயாளியுடன் வந்த உறவினரே அதற்குக் கை நீட்டுவர்.