தமக்கையின் வளையலும் தேசத்தின் கவசமும்

நம் கண்டாச்சிபுரத்துச் சுற்றுவட்டத்திலே ஆண்டுதோறும் பள்ளியிறுதித் தேர்வில் தேறும் பிள்ளைகள் பலர். அவருள் மேற்படிப்பின்பொருட்டு விழுப்புரம், திண்டிவனம், சென்னை முதலிய ஊர்களுக்குச் செல்ல அவாவியும், பொருளில்லாமையால் வீட்டிலே தங்கிவிடுவோர் இன்னும் உளர். இத்தகையோர்க்கு உதவுதல் சமூக சங்கங்களின் முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும், சங்கத்தின் பொருள் நம் குலத்துப் பிள்ளைகளுக்கே உரியதா, அன்றி அடுத்த தெருவிலுள்ள பிறகுலத்து ஏழைப் பிள்ளைக்கும் ஒரு சிறிது உரியதா என்னும் வினா நம்மவரிடை அடிக்கடி எழுகின்றது. இவ்வினாவுக்கு விடையை வாதத்தால் தேடாது, அண்மைக்காலத்துச் சரித்திரம் ஒன்றனால் தேட முயல்வோம்.

1931-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி இராமேசுவரத்தில், ஜைனுலாப்தீன் என்னும் படகுக்காரர் இல்லத்தில் அப்துல் கலாம் பிறந்தார். அவர் தொடக்கப்பள்ளியிற் பயின்றபோது, கோயில் குருக்களாகிய லக்ஷ்மண சாஸ்திரியாரின் மைந்தரோடு முன்வரிசையில் அமர்ந்திருத்தலைப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் பொறாராய், அவரைப் பின்வரிசைக்குப் போக்கினார். இதனைக் கேட்ட சாஸ்திரியார் அவ்வாசிரியரை வருவித்து, இளம் பிள்ளைகளின் மனத்தில் வேற்றுமை என்னும் நஞ்சை விதைத்தல் தகாதென்று கடிந்துரைத்தார். விஞ்ஞான ஆசிரியராகிய சிவசுப்பிரமணிய ஐயரோ சிறுவரைத் தம் இல்லத்துக்கே உணவுண்ண அழைத்தனர். மனைவியார் பரிமாற இசையாராகவே, ஐயர் தம் கையாலேயே பரிமாறி அவர் அருகமர்ந்து உண்டார். அடுத்த வாரத்திலும் அழைத்தார். அம்முறை அவ்வம்மையாரே அடுக்களைக்குள் அழைத்துச் சென்று அன்னமிட்டனர்.

பின்னர் இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்தரப் பாடசாலையிலும், திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கலாசாலையிலும் பயின்று, குரோம்பேட்டை எம்.ஐ.டி. கலாசாலையில் விமானப் பொறியியல் கற்க இடம் பெற்றார். சேர்வதற்கு அக்காலத்தில் ஏறக்குறைய 1,000 ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. தமக்கையாராகிய ஜொஹரா அம்மையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்துப் பொருள் தந்தனர். தம் உழைப்பால் ஈட்டிய பொருள்கொண்டே அவற்றை மீட்பதென்று இளைஞர் உறுதி பூண்டார்.

1958-ம் வருஷம் பாதுகாப்புத் துறையில் உத்தியோகம் ஏற்றார். 1962-ல் விக்ரம் சாராபாய் அவர்களின் தலைமையில் வளர்ந்துவந்த விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தார். 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து பாரதத்தின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழுந்தது. தும்பாவில் ஒரு தேவாலயமே அவர்கட்கு ஆரம்பத்தில் ஆராய்ச்சிச் சாலையாயிற்று. இறைவழிபாட்டுக்குரிய அவ்விடத்தைக் கிறிஸ்தவ மீனவ மக்கள் தேசத்தின்பொருட்டு விட்டுக்கொடுத்தனர் என்பது மறக்கற்பாலதன்று.

எஸ்.எல்.வி.-3 என்னும் செயற்கைக்கோள் ஏவுகலத்தை அமைக்கும் பொறுப்பு கலாம் அவர்களிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1979 ஆகஸ்டு 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த முதற்கலம், இரண்டாம் நிலையிலுண்டான பழுதினால் வங்கக் கடலில் வீழ்ந்தது. பத்திரிகையாளர்முன் தலைவராகிய ஸதீஷ் தவான் தாமே நின்று பொறுப்பனைத்தையும் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் இரண்டாங்கலம் 35 கிலோ நிறையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையிற் செலுத்தியபோதோ, பத்திரிகையாளர்முன் கலாம் அவர்களைப் பேசவிடுத்தார். தோல்வியைத் தாம் ஏற்று வெற்றியைப் பிறர்க்கு ஈயும் தலைமை இதுவேயன்றோ!

1982-ல் ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிச் சாலையின் தலைமை அவருக்கு வாய்த்தது. மறு வருஷம் பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என்னும் ஐவகை ஏவுகணைகளை ஒருங்கே அமைக்கும் திட்டம் தொடங்கிற்று. 1989 மே 22-ல் எழுந்த அக்னியின் முதல்நிலை, செயற்கைக்கோளைச் சுமந்த அவ்வெஸ்.எல்.வி.-3 கலத்தின் முதல்நிலையே ஆகும். வானை அளக்கக் கற்ற வித்தை நாட்டைக் காக்கும் கருவியாகவும் ஆயிற்று.

அவ்வித்தை அவ்விடத்தும் நின்றுவிடவில்லை. ஐதராபாத்து நிஜாம் வைத்தியக் கழகத்தைச் சார்ந்த எலும்புநோய் மருத்துவர் ஒருவர் ஆராய்ச்சிச் சாலைக்கு வந்து, ஏவுகணையின்பொருட்டுச் செய்த கரியிழைப் பொருளைக் கையிலெடுத்து, அதன் இலேசான தன்மையை வியந்தார். கலாம் அவர்களைத் தம் மருத்துவசாலைக்கு அழைத்துச் சென்று, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் கால்தாங்கிகளை இழுத்து நடக்கும் இளம்பிள்ளைகளைக் காட்டினார். சின்னாளில் அப்பொருளினாலேயே 300 கிராம் நிறையுள்ள தாங்கிகள் செய்தளிக்கப்பட்டன. பிள்ளைகள் ஓடினர், பெற்றோர் கண்ணீர் உகுத்தனர். தம் வாழ்வின் பேரின்பங்களுள் ஒன்றாக அந்நாளைப் பிற்காலத்தில் அவர் பல அவைகளில் எடுத்துரைத்தார். இருதய மருத்துவர் ஸோமராஜு அவர்களுடன் கூடிக் குறைந்த விலையில் இரத்தக்குழாய்த் தாங்கியையும் உருவாக்கினார். 2002 முதல் 2007 வரை ராஷ்டிரபதியாக வீற்றிருந்து, 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணாக்கர்முன் உரையாற்றுங்கால் உயிர்நீத்தார்.

அவர் பங்கு கொண்ட 1998-ம் வருஷத்து அணுச் சோதனையைக் குறித்து அறிவுடையோரிடை மாறுபட்ட கருத்துக்கள் உள. அவற்றை ஆராய்தல் இங்கு நம் நோக்கமன்று. நாம் கருதற்பாலது வேறொன்று. தமக்கை வளையல் ஈந்தது உறவின் கடன். ஐயர் அன்னமிட்டதும், சாஸ்திரியார் நீதி பேசியதும், மீனவர் தேவாலயம் ஈந்ததும், தவான் பழிசுமந்ததும் எவ்வுறவின் கடன்? இவருள் ஒருவரேனும் நம்மவர் அல்லரென்று கைவிட்டிருப்பின், தேசத்துக்குக் கவசமும் ஊனமுற்ற பிள்ளைக்குத் தாங்கியும் எங்ஙனம் கிடைத்திருக்கும்?

நமக்கு அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விழுப்புரத்து இரயில்வே ஊழியரின் மைந்தராகிய வீரமுத்துவேல் அவர்கள் திட்ட இயக்குநராயிருந்து நடத்திய சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23-ல் சந்திரனில் இறங்கிற்று. தமிழக அரசு அளித்த 25 லக்ஷம் ரூபாயையும் அவர், தாம் பயின்ற கல்விச்சாலைகளுக்கே உதவினார். அந்நிதியால் பயன்பெறும் மாணாக்கர் இன்ன குலத்தவர் என்று அவர் கேட்டாரல்லர்.

ஆகலின், அன்பர்களே, நம் குலத்துப் பிள்ளைகளுக்கு உதவுவதில் நாம் ஒருநாளும் பின்வாங்கற்க. அங்ஙனம் உதவுங்கால், நம் நிதியில் ஒரு பங்கேனும் அடுத்த தெருப்பிள்ளைக்கென ஒதுக்குவோமாக. பொதுக்கூட்டத்தில் இது தீர்மானமாக வருமேல் அன்பர்கள் ஆதரிப்பார்களென நம்புகின்றோம். நாம் இன்று அடகிலிருந்து மீட்டுத் தரும் வளையல் எவர் வீட்டதாயினும், நாளை அதன் ஒளி நம் அனைவர் வாயிலிலும் வீசும்.